யாரு என்று கேட்டிருந்தீர்கள்

அம்பாசமுத்திரம்,
நவம்பர் 27.

அன்புள்ள மச்சானுக்கு முஃபீதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

ஜுபைலில் நீங்கள் உடல் நலத்தோடும், வேலையில் சங்கடம் ஒன்றும் இல்லாமலும் இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன். இங்கே வாப்பா நல்ல சுகம். நானும் சுகம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது. எழுதினால் பொய்யாகிவிடும். அதனால் அந்த வரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன்.

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போன் இருக்கும்போது யார் கடிதம் எழுதுவார்கள்? ஆனால் மூன்று மாதமாக நான் அனுப்புவதற்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது. கூப்பிட்டால் மணி போவதில்லை. என் நம்பரை நீங்கள் அடைத்துவிட்டீர்கள் என்பது எனக்குப் புரியவே பத்து நாள் ஆனது. நெட் சரியில்லை போல என்று உங்களுக்காக நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லிடைக்குறிச்சி கணேஷ்ராம் அண்ணன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை கிளம்புகிறார். உங்கள் கேம்ப்பிலேயே அடுத்த பிளாக்கில் இருக்கிறாராம். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய். ஊறுகாயை வாங்கிக்கொண்டு கடிதத்தை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது என்று நம்புகிறேன்.

நீங்கள் கடைசியாக எனக்கு அனுப்பியது நினைவிருக்கிறதா? "யாரு?" என்று இரண்டே எழுத்தும் ஒரு கேள்விக்குறியும். சோற்றில் உப்பு குறைந்ததற்கு அரைமணி நேரம் பேசுகிற மனிதர் நீங்கள். இதற்கு இரண்டு எழுத்து போதும் என்று எப்படித் தோன்றியது? நான் பதில் எழுதுவதற்குள் கதவை அடைத்துவிட்டீர்கள். இந்தக் கடிதம் அந்தப் பதில்தான். ஆனால் அவ்வளவு எளிதில் சொல்லிவிட மாட்டேன். முதலில் என் உடம்பைப் பற்றிக் கேளுங்கள். அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

ஆகஸ்ட் பாதியில், மேலப்பாளையத்தில் உங்கள் வீட்டில் இருக்கும்போதுதான், காய்ச்சலோடு தொண்டை அடைத்தது. எச்சில் விழுங்கினால் கண்ணாடிச் சில்லு இறங்குவது போல இருந்தது. கழுத்தில் இரண்டு பக்கமும் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. உங்கள் உம்மா மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தந்த மாத்திரையை மூன்று நாள் போட்டேன். நாலாம் நாள் காலையில் முகத்திலிருந்து கால் வரை செந்தடிப்பு. அம்மைதான் என்று உங்கள் உம்மா பிள்ளை அஃப்ராவை மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மையில்லை, இந்தக் காய்ச்சலில் அந்த மாத்திரையைப் போட்டால் உடம்பு இப்படித் தடித்துவிடுமாம், பிறகு டாக்டர் சொன்னார்.

காய்ச்சல் பன்னிரண்டு நாளில் நின்றுவிட்டது. அசதி நிற்கவில்லை. வேலை செய்து வரும் அசதி இல்லை மச்சான், நீங்கள் வெயிலில் பைப் ஏற்றிவிட்டு வந்து விழுவீர்களே, அது தூங்கினால் போய்விடும். இது தூங்கத் தூங்கக் கூடியது. ரசத்துக்குப் புளி கரைக்க உட்கார்ந்தவள், கை புளித்தண்ணீரில் கிடக்க அப்படியே தூங்கிப்போயிருக்கிறேன். ஒரு நாள் அஃப்ராவுக்குத் தலை பின்னிவிடும்போது ஒரு பக்கம் முடித்ததும் கை இறங்கிவிட்டது. கொஞ்சம் படுத்து எழுந்து மறு பக்கம் போடலாம் என்று சாய்ந்தேன். கண் விழித்தபோது பள்ளிக்கூட வேன் போயிருந்தது. நம் பிள்ளை ஒற்றைப் பின்னலோடு போயிருக்கிறாள். மண்ணீரல் வீங்கியிருப்பதால் குடம் தூக்கக் கூடாது, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைக்கக் கூடாது என்றார் டாக்டர். "நல்ல நோவுதான் வந்திருக்கு, குடம் தூக்கப்பிடாதாம்லா" என்று உங்கள் உம்மா பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது.

அந்த டாக்டரிடம் போன நாளை உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் கூடப்பிறந்த ராத்தா இஷ்ரத் மைனிதான் என்னோடு பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். அதை நான் மறுக்கவில்லை, பாவம், கைத்தாங்கலாகத்தான் கூட்டிப்போனார்கள். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு டாக்டர் சிரித்தார். சின்ன வயசுக்காரர். "பயப்படாதீங்க, இதுக்கு வெளிநாட்டுல முத்தக் காய்ச்சல்னு பேரு" என்றார். தமாஷ் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். அதற்குப் பிறகு அவர் நிறையச் சொன்னார். எச்சில் வழியாகப் பரவும் கிருமி, ஒரே டம்ளரில் குடித்தால் வரும், ஒரே கரண்டியில் தின்றால் வரும், நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்குச் சின்னப்பிள்ளையில் வந்து தெரியாமலே போயிருக்கும், பெரியவர்களுக்கு வந்தால்தான் இப்படி ஆளைப் போட்டுப் பார்க்கும் என்று எல்லாம் சொன்னார். மைனிக்கு முதல் வார்த்தைக்குப் பிறகு காது அடைத்துவிட்டது. என் மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு டாக்டர், "ஒன்றரை மாசத்துக்கு முன்னால உங்க வீட்டுல யாருக்காவது இதே மாதிரி தொண்டை வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். நான் மைனியைப் பார்த்தேன். மைனி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். "இல்ல டாக்டர், எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் வரல" என்றார்கள்.

அது பொய். பொய் என்று மைனிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பும்போது குலவணிகர்புரம் கேட்டில் ரயிலுக்காக ஆட்டோ வெகுநேரம் நின்றது. நான் அப்போதே கேட்டிருக்கலாம். ஆனால் மைனி துப்பட்டா முனையில் முடிச்சுப் போடுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்கள், அதைப் பார்த்துவிட்டேன். வீட்டுக்குப் போனதும் மைனி உங்கள் உம்மாவிடம் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னார்கள். உங்கள் உம்மா உங்களிடம் சொன்னார்கள். இரண்டாம் நாள் உங்கள் இரண்டு எழுத்து வந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் என் டம்ளருக்கு அடியில் சிவப்பு நெயில் பாலிஷ் வைத்தார்கள். தட்டுக்கும். தொற்று நோய்க்குத் தனித் தட்டு சரிதான், நானே கேட்டு வாங்கியிருப்பேன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் அந்தச் சிவப்புப் பொட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். காய்ச்சலுக்கு வைத்த பொட்டு மாதிரி யாரும் பார்க்கவில்லை. அக்டோபர் முதல் வாரம் உங்கள் உம்மா, "எம்மவன் ரசீது சொல்லிட்டான், நீ உன் வாப்பா வீட்டுல போய் இரி, அவன் வந்து ஜமாத்துல பேசிக்கிடுவான்" என்றார்கள். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது, அவள் இங்கேயே இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். எனக்கு வாதாடத் தெம்பு இல்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். ஜமாத்தில் என்ன பேசப்போகிறீர்கள் மச்சான்? காய்ச்சல் வந்ததற்குத் தலாக்கா?

வாப்பாவைப் பற்றி நீங்கள் எப்போதும் கேலி செய்வீர்கள், அசன் முகம்மது கடையில் சிரிப்பு மட்டும் ஸ்டாக் இல்லை என்று. அந்த மனிதர் இன்றுவரை என்னிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் வந்த மறுநாள் தெருவிலிருந்து இரண்டு மூன்று பேர் பார்க்க வந்தார்கள். பார்க்க என்ன இருக்கிறது, கேள்விப்பட்டு வந்தார்கள். எனக்குப் பாதி டீக்கு மேல் இறங்கவில்லை, கீழே வைத்துவிட்டேன். வாப்பா அவர்கள் முன்னாலேயே என் டம்ளரை எடுத்து, மிச்ச டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "சீனி கம்மியா இருக்கே" என்று சொல்லிக் கடைக்குக் கிளம்பிப் போனார். வந்தவர்களும் போய்விட்டார்கள். தொற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று நான் சத்தம் போட்டதற்கு, "எனக்கு வந்தா ஊரு என்ன பேரு வைக்கும்னு பாப்போம்" என்றார். அன்றைக்குத்தான் முதல்முதலாக அழுதேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ஜூலை ஆறாம் தேதி மர்வாவுக்கு நிச்சயம் நடந்ததே. உங்கள் ராத்தாவின் ஒரே மகள், நீங்கள் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. அன்று மாப்பிள்ளை வீட்டு ஏர்வாடிக்காரப் பெண்கள் வந்து இறங்கியதும் சகன் வைத்தோம். ஒரு பெரிய சகன் தட்டைச் சுற்றி, சேர்ந்து சாப்பிட நாலு பேர்: மர்வா, நான், மாப்பிள்ளையின் உம்மா, அவர்கள் மூத்த மகள். நெய்ச்சோறும் தால்சாவும் கறியும் அடுக்கியிருந்தது. மர்வா ஒரு வாய்கூட ஒழுங்காகத் தின்னவில்லை. ஹாஸ்டலிலிருந்து நாலு நாளுக்கு முன்தான் காய்ச்சலோடு வந்திருந்தாள். கழுத்துக் கட்டி தெரியாமல் மைனி துப்பட்டாவைச் சுற்றி ஊசி குத்தியிருந்தார்கள். "மாமி, தொண்டை முள்ளா குத்துது" என்று என் காதில் சொன்னாள். மாப்பிள்ளையின் உம்மா, "பொண்ணு கொறிக்கிதே, மனசுக்குப் பிடிக்கலியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிப்புத்தான், ஆனால் சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

பிறகு பெண்ணுக்கு ரோஸ் மில்க் கொடுத்தார்கள். மர்வா வாயில் வாங்கினாள், விழுங்க முடியாமல் பாதியை டம்ளரிலேயே விட்டுவிட்டாள். கண்ணில் தண்ணீர். பால் மிச்சம் இருந்தால் அதையும் மாப்பிள்ளை வீட்டார் குறையாகப் பேசுவார்கள். எதிரே நின்ற மைனி என்னைப் பார்த்தார்கள். கண்ணாலேயே, குடித்துவிடு என்றார்கள். நான் வாங்கிக் குடித்தேன். முழுவதையும். காலி டம்ளரை மர்வா கையில் திருப்பிக் கொடுத்தேன், அவள் அதை மாப்பிள்ளையின் உம்மாவிடம் கொடுத்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். சகனில் அவள் பக்கத்துச் சோற்றையும் நானே தின்று இடத்தைக் காலி செய்தேன்.

நீங்கள் அதைப் பார்த்தீர்கள் மச்சான். அதுதான் என்னை இத்தனை நாளும் தின்கிறது. அஃப்ரா கையில் போனைக் கொடுத்து உங்களுக்கு வீடியோ போட்டிருந்தோமே. நீங்கள் கேம்ப் ரூமில் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் டம்ளரைக் கவிழ்த்தபோது, "ஏளா, மருமவ எச்சிப்பால இப்படிக் குடிக்கியே, எனக்கு ஒரு சொட்டு வைக்கப்பிடாதா" என்று கத்தினீர்கள். பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டேன். யாரு என்று நீங்கள் கேட்டீர்கள். உலகத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்களில் நீங்களும் ஒருவர்.

இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்களிடம் சொல்ல வழி இல்லை. உங்கள் உம்மாவிடமும் ஊரிலும் சொல்ல எனக்கு மனம் இல்லை. கல்யாணமாகிப் பத்து வருடம் ஆன, பிள்ளை பெற்ற என்னையே அந்த ஒரு வார்த்தை வீட்டை விட்டு வெளியே தள்ளிவிட்டது. பத்தொன்பது வயதுப் பெண்ணை, நிச்சயம் ஆகி ஜனவரியில் நிக்காஹ் இருக்கிற பெண்ணை, அது என்ன செய்யும்? ஏர்வாடிக்காரர்கள் அவள் போனில் யார் யார் நம்பர் இருக்கிறது என்று கேட்டவர்கள். மைனி ஏன் காலண்டரைப் பார்த்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது. நானும் பெண் பிள்ளை பெற்றவள். அந்த நாற்காலியில் நான் இருந்தாலும் காலண்டரைத்தான் பார்த்திருப்பேனோ என்னவோ. ஆனால் அந்த வார்த்தையை எடுத்துப்போய் உங்கள் உம்மா கையில் கொடுத்திருக்க மாட்டேன். அந்த இடத்தில் மைனி மேல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் மர்வா இங்கே வந்தாள். காலேஜுக்கு என்று சொல்லிவிட்டு அம்பை பஸ் ஏறியிருக்கிறாள். மழை நேரம், ஆற்றில் தண்ணீர் படித்துறை மூடிப் போய்க்கொண்டிருந்தது, நனைந்துகொண்டே வாப்பா கடைக்குப் போய் வழி கேட்டிருக்கிறாள். வந்ததும் என் காலைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, எனக்கு வந்ததுதான் உங்களுக்கும் வந்திருக்கு, போன்ல படிச்சேன். நானே மாமாகிட்ட சொல்லிருதேன், நிக்காஹ் நின்னா நிக்கட்டும்" என்று அழுதாள். நான் அவள் வாயைப் பொத்தினேன். நிக்காஹ் முடியும் வரை வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, தலை துவட்டி, வாப்பாவை விட்டு பஸ் ஏற்றிவிட்டேன்.

அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. ஹாஸ்டலில் ஐந்து பெண்கள் ஒரே பாட்டிலில் வாய் வைத்துக் குடிப்பார்களாம், அவளாகவே சொன்னாள். சொல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன். யாரு என்று கேட்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே இதைப் படித்ததும் உங்கள் ராத்தாவைக் கூப்பிட்டுச் சண்டை போடாதீர்கள். உங்கள் கோபம் எனக்குத் தெரியும், தயவுசெய்து வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஜனவரி பதினெட்டு வரை ஊர் என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும். மர்வா அந்தப் பக்கம் போய் நல்லபடியாக வாழட்டும். தெரிய வேண்டியது உங்களுக்கு மட்டும்தான், அதுவும் இப்போது தெரிந்துவிட்டது.

என்னிடம் மன்னிப்புக் கேட்க அவசரமாகப் போன் செய்யாதீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. நீங்கள் அழுதால் நான் தேற்ற வேண்டியிருக்கும், அதற்கு இன்னும் உடம்பில் தெம்பு வரவில்லை. இதைப் படித்த பிறகு நீங்கள் என்னை நம்புவீர்கள், அதில் சந்தேகமில்லை. படிப்பதற்கு முன்னால் நம்பியிருக்கலாமே என்றுதான் இருக்கிறது. நீங்கள் ஊரில் இருந்த மாதங்களைச் சேர்த்தால் நாம் சேர்ந்து வாழ்ந்தது இரண்டு வருடம்கூட வராது. மிச்சம் எட்டு வருடத்தை நான் உங்கள் குரலை நம்பித்தானே ஓட்டினேன்? நீங்கள் அங்கே யாரோடு பேசுகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டிருப்பேனா? திரும்ப மேலப்பாளையம் வருவேனா மாட்டேனா என்று இன்றைக்கு எனக்கே தெரியவில்லை. தெரிந்தால் ஒளிக்காமல் எழுதுவேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், அதை மட்டும் உடனே செய்யுங்கள்.

காய்ச்சல் என்ன என்று தெரிந்த நாளிலிருந்து அஃப்ராவை நான் முத்தமிடவில்லை. தொற்றிவிடும் என்ற பயம். அவள் கன்னத்தை நீட்டிக்கொண்டு வருவாள், நான் தலையைத் தடவி அனுப்பிவிடுவேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு, "உம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள். காய்ச்சல் உனக்கும் வந்துவிடும் என்றேன். "அப்ப காத்துல குடு" என்றாள். வாசலில் நின்று காற்றில் கொடுப்பேன், அவள் கையில் பிடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேனில் ஏறுவாள். அதையும் உங்கள் உம்மா, அந்தப் பேச்செல்லாம் இந்த வீட்டில் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள்.

போன திங்கள்கிழமை வாப்பாவோடு பாளையங்கோட்டைக்குப் போனேன். மண்ணீரல் வீக்கம் வடிந்துவிட்டது, அசதி பைய பையத்தான் போகும், இனி தனித் தட்டு வேண்டாம், பிள்ளையைக் கொஞ்சலாம் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், கொஞ்சப் பிள்ளை இல்லை. அவளைப் பார்த்து ஏழு வாரம் ஆகிறது.

உங்கள் உம்மாவுக்கு ஒரு போன் போட்டு, பிள்ளையை அரைப் பரீட்சை லீவுக்கு அம்பாசமுத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னால் அனுப்பிவிடுவார்கள். அவள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனதெல்லாம் கணக்கில் சேராது, நேரில் கொடுக்க வேண்டியது என்னிடம் அப்படியே இருக்கிறது.

கடைசிக்கு என்று வைத்த வரி இன்னும் பாக்கி. நான் சுகம் என்று அவள் வந்த அன்றைக்கு எழுதுகிறேன்.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் ஏறாதீர்கள். படைத்தவன் உங்களுக்கு எந்த நோயும் தராமல், எந்தக் கேள்வியும் கேட்கப்படாமல் காத்துக்கொள்ளட்டும். ஆமீன்.

இப்படிக்கு,
அஃப்ராவின் உம்மா,
முஃபீதா.